தலைக்கனம் நானூற்றுப் பத்து கிராம்

என் மரியாதைக்கும் அன்புக்கும் உரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தம்பியும் உங்கள் அப்பாவும் சுகம். இன்னும் பெயர் வைக்காத உங்கள் மருமகளும் சுகம். அவள் சுகமாக இருப்பது தெருமுனை வரை கேட்கிறது. அங்கே நீங்களும் அண்ணனும் சுகமா என்று கேட்டு எழுதுவதுதான் முறை. ஆனால் போன தடவை உங்கள் உடம்பைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்கப் போய்த்தான் இவ்வளவும் நடந்தது. அதனால் இந்தத் தடவை கேட்கவில்லை. சுகம் என்று நானே எடுத்துக்கொள்கிறேன்.

நான் பின்னி அனுப்பிய தொப்பி கிடைத்ததும் நீங்கள் குடும்பக் குழுவில் ஒரு செய்தி போட்டீர்கள். "தொப்பி கிடைத்தது. யாருக்கு" என்று இருந்தது. அவ்வளவுதான். கேள்விக்குறிகூட இல்லை. கேள்விக்குறி போடாமல் ஒருவர் கேள்வி கேட்டால் அது கேள்வி இல்லை, தீர்ப்பு. இது என் அச்சக அனுபவம். அதற்குப் பிறகு உங்களிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் குழந்தை பிறந்த செய்தியை அனுப்பினோம், அதற்கும் பதில் இல்லை. போன் போட்டால் நீங்கள் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் சொல்கிறாள். அது உங்கள் குரல் இல்லை என்று உங்கள் தம்பி அடித்துச் சொல்கிறார். எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அவரிடம் "உங்க அக்கா கோபமா இருந்தா என்ன செய்வாங்க?" என்று கேட்டேன். "பேச மாட்டா" என்றார். "சந்தோஷமா இருந்தா?" என்று கேட்டேன். "அப்பவும் அதிகமா பேச மாட்டா" என்றார். இந்த மனிதரை வைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வர முடியாது என்பதால்தான் நேரடியாக உங்களுக்கே எழுதுகிறேன்.

உங்கள் கோபத்தால் எனக்கு வருத்தம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அதனால் இங்கே ஒரு ஜீவனுக்குப் பெயரே இல்லாமல் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலேயே உங்கள் தம்பி சொல்லிவிட்டார்: "எனக்குப் பேர் வச்சதே அக்காதான். இவளுக்கும் அக்கா வந்து வாயால கூப்பிட்டாத்தான் பேரு. அதுவரைக்கும் யாரும் எதுவும் வைக்கக் கூடாது." நல்ல எண்ணம்தான். ஆனால் அதுவரைக்கும் எப்படிக் கூப்பிடுவது என்று யோசிக்கவில்லை. லாரி எடைமேடையில் வேலை பார்க்கிற மனிதர் என்பதால் அவர் குழந்தையை எடையால் கூப்பிடுகிறார். பிறந்த அன்று "மூணு நூறு". பிறகு "மூணு நானூறு". இப்போது "நாலே கால்". "நாலே கால் முழிச்சிட்டா பாரு" என்று அவர் சொன்னால் நான் கடிகாரத்தைப் பார்க்கிறேன். உங்கள் அப்பா அவளை "மேலதிகாரி" என்கிறார். அவருடைய பழைய மேலதிகாரியும் காரணம் சொல்லாமல்தான் கத்துவாராம். தடுப்பூசி போடும் இடத்தில் நர்ஸம்மா "பேரில்லாப் பாப்பா வாங்க" என்று கூப்பிட்டபோது அங்கே இருந்த அத்தனை பேரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பச்சை உடம்புக்காரிக்கு எதற்கெடுத்தாலும் அழுகை வரும் என்று உங்கள் தம்பி நர்ஸம்மாவுக்கு விளக்கம் சொன்னார். அது வேறு எரிச்சல்.

ஆகவே நடந்தது நடந்தபடி சொல்கிறேன். படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஐந்தாம் மாதத்தில் டாக்டர் என்னை அதிகம் நடக்கக் கூடாது, நிற்கக் கூடாது, வேலைக்குப் போகக் கூடாது என்று சொன்னது உங்களுக்குத் தெரியும். அச்சகத்தில் நான் பிழை திருத்துகிறவள். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாள், கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூடப் பாட நூல், எது வந்தாலும் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என் தொழில். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் நான் ஊரில் உள்ள பெயர்ப்பலகைகளையெல்லாம் ஜன்னல் வழியாகத் திருத்த ஆரம்பித்துவிடுவேன் என்று அச்சகத்தில் பயந்திருக்கிறார்கள். பைண்டிங் பிரிவில் இருக்கும் அம்மாள் ஒரு பெரிய பை நிறையக் கம்பளி நூலும் இரண்டு ஜோடி பின்னல் ஊசியும் கொண்டுவந்து கொடுத்தார். ஏதோ கடையை மூடுகிறார்கள் என்று மொத்தமாக அள்ளிக்கொண்டு வந்ததாம். அத்தனையும் ஒரே நிறம், பழுத்த பூசணிக்காய் நிறம். "கலர் பாக்காதீங்க, சூட்டைப் பாருங்க" என்றார். இந்த ஊர்க் குளிர் உங்களுக்குத் தெரியாததல்ல. காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் கையைக் கடிக்கும். சரி, பின்னுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. போனில் ஒரு வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். ஒரு அம்மாள் பின்னுகிறார். எந்த மொழி பேசுகிறார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. முகத்தைக் காட்டுவதில்லை. இரண்டு கைகளும் ஒரு மோதிரமும் மட்டும்தான் தெரியும். கண்ணி போடுவதும் கண்ணி எடுப்பதும் கண்ணி நழுவினால் பிடிப்பதும் அந்தக் கைகள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தன. முதலில் குழந்தைக்குப் பின்னலாம் என்று நினைத்தேன். பிறகு யோசித்தேன். பிறக்கப்போகிற உயிரின் மேல் நம் கத்துக்குட்டித்தனத்தைக் காட்டலாமா? முதலில் பெரியவர்கள் மேல் கையைப் பழக்கிக்கொள்வோம், கை தேர்ந்த பிறகு குழந்தைக்கு என்று முடிவு செய்தேன். பெரியவர்கள் என்று நான் நினைத்ததில் முதல் ஆள் நீங்கள். இது மரியாதையில் வந்த முடிவு என்பதைத் தயவுசெய்து கவனிக்கவும்.

எல்லோருக்கும் ஆளுக்கொரு தொப்பி என்று திட்டம். தொப்பிக்கு அளவு வேண்டும். குடும்பக் குழுவில் செய்தி போட்டேன். படுத்துக்கொண்டே ஒரு கையால் அடித்தது. "எல்லோரும் தயவுசெய்து உங்கள் தலைச்சுற்று எவ்வளவு என்று சொல்லவும். அவசரம்." இதில் என்ன தவறு என்று இப்போது எந்தக் கத்துக்குட்டியும் சொல்லிவிடுவான். தலைச் சுற்றளவு என்று இருக்க வேண்டும். "அளவு" விடுபட்டுவிட்டது. அடுத்தவர் எழுதியதில் அரைப்புள்ளி காணாமல் போனாலும் கண்டுபிடிக்கிற நான், சொந்தச் செய்தியில் அளவு இல்லாமல் போனதைப் பார்க்கவில்லை. அளவில்லாமல் போனதால் வந்த வினைதான் இனி நான் சொல்லப் போவது எல்லாம்.

கர்ப்பிணிப் பெண் தலைச்சுற்றைப் பற்றிக் கேட்டால் யார் என்ன நினைப்பார்கள்? எல்லோரும் அதையேதான் நினைத்தார்கள். என் சித்தி, "உனக்கு வந்தா எனக்கும் வரணுமா? போய்ப் படு" என்று எழுதினாள். அண்ணன் உங்கள் போனை வாங்கி, "வீட்டில் இருக்கும்போது மட்டும்" என்று எழுதினார். அதை நான் யாருக்கும் காட்டவில்லை. குழுவில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம். உங்கள் அப்பா பக்கத்து அறையிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். "எனக்கு அப்படி எதுவும் இல்லையேம்மா. இரு... இப்ப எழுந்ததுல லேசா இருக்கிற மாதிரி இருக்கே" என்று சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் தொப்பிக்குத்தான் கேட்டேன் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல் படுத்துவிட்டார். மறுநாள் டாக்டரிடம் அழைத்துப் போனார் உங்கள் தம்பி. டாக்டர் தலையைத் தவிர எல்லாவற்றையும் அளந்தார். கடைசியில் காதில் அடைத்திருந்த அழுக்கை எடுத்து அனுப்பினார். அதிலிருந்து, நாங்கள் மெதுவாகப் பேசுவதெல்லாம் மாமாவுக்குக் கேட்கிறது. இதனால் வீட்டில் வந்திருக்கும் புதுச் சிக்கல்களை இன்னொரு சமயம் எழுதுகிறேன்.

முதல் செய்தி போட்ட அன்று சாயங்காலமே நான் திருத்தம் போட்டேன். "மன்னிக்கவும். தலைச் சுற்றளவு. தொப்பி பின்னுவதற்காக." இது தெளிவாகத்தான் இருந்தது. எல்லோரும் அளந்து சென்டிமீட்டரில் அனுப்பினார்கள், ஐம்பத்தைந்து, ஐம்பத்தேழு என்று. எல்லோருக்கும் கடைசியாக உங்கள் பதில் வந்தது. "110 70" என்று இருந்தது. நடுவில் கோடு இல்லை, புள்ளி இல்லை, ஒரு வார்த்தை விளக்கம் இல்லை. என் திருத்தத்துக்குப் பிறகு வந்ததால் அது திருத்தத்துக்கான பதில் என்றுதானே அண்ணி நான் நினைப்பேன்? உங்கள் பக்கம் சிக்னல் விட்டுவிட்டு வரும், நீங்கள் முதல் செய்தியை மட்டும் பார்த்துவிட்டுப் பதில் போட்டிருப்பீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இரண்டு எண்களை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. உங்கள் தம்பியிடம் கேட்டேன்.

"உங்க அக்கா தலை அவ்வளவு பெருசா?"

"அக்காவுக்கு முடி ஜாஸ்தி."

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் எனக்குப் பொறி தட்டிவிட்டது. உங்கள் கொண்டை! குடும்பப் புகைப்படம் எதிலும் உங்களுக்குப் பின்னால் நிற்பவர் முகம் தெரிவதில்லையே, அந்தக் கொண்டை. எழுபது என்பது கொண்டை இல்லாமல், நூற்றுப்பத்து என்பது கொண்டையோடு. இரண்டையும் தனித்தனியாக அளந்து அனுப்பியிருக்கிறீர்கள், என்ன பொறுப்பு, என்று நான் நெகிழ்ந்தே போய்விட்டேன். பக்கத்து அறையிலிருந்து மாமா, "கொண்டையோட இருக்கும்மா, தாராளமா இருக்கும்" என்று குரல் கொடுத்தார். இப்படியாக உங்கள் தகப்பனாரின் ஒப்புதலோடுதான் வேலையை ஆரம்பித்தேன்.

விளிம்பில் எழுபது, மேலே போகப் போகக் கொண்டைக்காக அகலம் கூட்டிக்கொண்டே போக வேண்டும். நூற்றுப்பத்து வரை போக எனக்கே துணிச்சல் வரவில்லை, தொண்ணூற்றில் நிறுத்திக்கொண்டேன். எட்டாம் மாதம், வயிறே எனக்கு மேஜை. நூல்கண்டை அதன் மேல் வைத்துக்கொண்டு பின்னுவேன். உள்ளேயிருந்து உங்கள் மருமகள் ஒரு உதை விடுவாள், நூல்கண்டு உருண்டு கட்டிலுக்கு அடியில் போகும், எண்ணிக்கை விட்டுப்போகும், குனிய முடியாது, உங்கள் தம்பி வேலையிலிருந்து வரும்வரை நூலின் ஒரு முனை என் கையிலும் மறுமுனை கட்டிலுக்கு அடியிலுமாக உட்கார்ந்திருப்பேன். மறுபடி வரிசையின் முதலிலிருந்து எண்ண வேண்டும். எண்ணி முடிப்பதற்குள் அடுத்த உதை. அந்தத் தொப்பியில் அங்கங்கே ஓட்டைகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை டிசைன் இல்லை, உங்கள் மருமகள் உதைத்த இடங்கள்.

முடிந்ததும் உங்கள் தம்பி அதைத் தூக்கிப் பார்த்தார். "என்னது, மோட்டாருக்கு உறையா?" என்றார். "உங்க அக்காவுக்குத் தொப்பி" என்றேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "அப்ப சரி" என்றார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, "இது கொஞ்சம் பெருசும்மா" என்று அன்றைக்கு அவர் சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

இனி வருவதுதான் முக்கியமான இடம். நீங்கள் எதைப் பார்த்துக் கோபப்பட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும். அளவு இல்லை, அந்த அட்டை.

உங்களுக்குத் தொப்பி, அண்ணனுக்குக் காலுறை, இரண்டையும் இரண்டு பொட்டலமாகக் கட்டி ஒரே பார்சலில் வைத்தார் உங்கள் தம்பி. எதை அனுப்பினாலும் எடை போட்டு எழுதாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. எடைமேடையில் சரக்கின் பெயரை எழுதிப் பக்கத்தில் கனம் இவ்வளவு என்று எழுதிப் பழகிய கை. மணல் கனம் இவ்வளவு, கல் கனம் இவ்வளவு. அதே பழக்கத்தில் காலுறைப் பொட்டலத்தில் ஒரு அட்டை ஒட்டி "கால் கனம் 180 கிராம்" என்று எழுதினார். தொப்பிப் பொட்டலத்தில் "தலை கனம் 410 கிராம்" என்று எழுதினார். தலை வேறு, கனம் வேறு, நடுவில் நல்ல இடைவெளி. அதுவரைக்கும் அதில் ஒரு குற்றமும் இல்லை. எழுதிவிட்டு, "எழுத்துப் பிழை இருக்கா பாரு" என்று என்னிடம் நீட்டினார்.

அண்ணி, அன்று காலையிலிருந்தே எனக்கு இடுப்பு வலி. அது எந்த வலி என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பொட்டலத்தைத் தொட்டிருக்க மாட்டேன். கண் பாதி மூடியிருக்கிறது. கையில் வழக்கம்போலச் சிவப்புப் பேனா. தலை, கனம் என்று இரண்டு சொல் பக்கத்தில் பக்கத்தில் வருகிறது, நடுவில் ஒற்று இல்லை. இத்தனை வருஷமாகச் சோறு போட்ட கை அது. மூளையைக் கேட்காமல் இடைவெளியை ஒரு வளைவு போட்டு மூடி, மேலே ஒரு "க்" போட்டுவிட்டது. சிவப்பில், பளிச்சென்று. "தலைக்கனம் 410 கிராம்." பொட்டலத்தின் மேல் உங்கள் பெயர். நான் போட்ட "க்" இலக்கணப்படி சரிதான் என்பதை மட்டும் பதிவு செய்துகொள்கிறேன். மற்றபடி அதற்கு மன்னிப்பே கிடையாது. உங்கள் தம்பி அதைப் படித்தும் பார்க்காமல் பார்சலில் வைத்துத் தைத்துக்கொண்டு போய் அனுப்பிவிட்டு வந்தார். வரும்போது நான் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். மாதா மாதம் பார்த்தவர்கள் எண்ணைச் சீட்டில் எழுதிக்கொள்வார்கள், வாய்விட்டுச் சொன்னதில்லை. அன்றைக்கு அவர் நிதானமாகச் சொன்னார்:

"நூத்திப்பத்து, எழுபது. நல்லா இருக்கு."

"என்னது நூத்திப்பத்து எழுபது?"

"பிரஷர்மா. மேல நூத்திப்பத்து, கீழ எழுபது. பயப்படாதீங்க."

நான் பயப்படவில்லை. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் தலைச்சுற்று என்று கேட்டதற்கு, பாவம், நீங்கள் ரத்த அழுத்தத்தைப் பார்த்து அனுப்பியிருக்கிறீர்கள். "ஐயோ, கொண்டை!" என்று கத்திவிட்டேன். அந்த நேரம் பார்த்து வலியும் உச்சத்துக்கு வந்தது. "ஐயோ கொண்டை, ஐயோ கொண்டை" என்றுதான் கத்திக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா ஓடி வந்து, "என்ன சொல்றாங்க?" என்று கேட்டார். "கொண்டைன்னு சொல்றாங்க டாக்டர்" என்றார் நர்ஸ். "வலியில என்ன வேணா சொல்லுவாங்க, விடுங்க" என்றார் டாக்டரம்மா. கொஞ்ச நேரத்தில் உங்கள் மருமகள் பிறந்தாள். இந்த உலகத்தில் அவள் காதில் விழுந்த முதல் சொல் உங்களைப் பற்றியதுதான் என்பதை நினைத்தாவது மனம் இரங்க வேண்டும்.

உங்கள் தம்பி உள்ளே வந்தார். கண்ணெல்லாம் தண்ணீர். "பொண்ணு. மூணு நூறு" என்றார். நான், "பார்சல் போயிடுச்சா?" என்று கேட்டேன். "அப்பவே போயிடுச்சு" என்றார் பெருமையாக. அப்போது நர்ஸ் என் விரலைப் பிடித்துப் பார்த்து, "கையில என்ன, ரத்தமா?" என்றார். சிவப்பு மை. எதன் மை என்று அந்த நிமிஷம்தான் ஞாபகம் வந்தது. "இல்ல, ஒற்று" என்றேன். அவர் டாக்டரம்மாவை மறுபடி கூப்பிடப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் சரியான அளவில் உங்களுக்கு இன்னொரு தொப்பி பின்னிவிடுவது என்று உட்கார்ந்தேன். அக்கா தலை என் தலை மாதிரிதான் என்று உங்கள் தம்பி தலையைக் கொடுத்தார். டேப் வைத்து அளந்தேன். ஆனால் பிறந்த குழந்தையை வைத்துக்கொண்டு பின்னுவது என்பது வேறு. பால் குடித்துவிட்டு அவள் கண் அசந்ததும் ஊசியை எடுப்பேன். ஊசியும் ஊசியும் உரசுகிற சத்தம் இருக்கிறதே, அது யாருக்கும் கேட்காது, இவளுக்குக் கேட்கும். ஒரு வரிசை முடியாது, முழித்துக்கொள்வாள். துணி மாற்றுவேன். திரும்பி வந்து பார்த்தால் கண்ணி நாலு நழுவியிருக்கும். தூளியை ஒரு காலால் ஆட்டிக்கொண்டு பின்னிப் பார்த்தேன். ஆட்டுகிற வேகத்துக்குக் கையும் சேர்ந்து ஓடியது, கால் வலித்து நிறுத்தினால் கையும் நின்றுவிட்டது. ஒருநாள் ஊசியைக் கையில் பிடித்தபடி தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தால் என் முந்தானையையும் சேர்த்துப் பின்னியிருக்கிறேன். மாமாதான் கத்தரிக்கோலோடு வந்து விடுவித்தார்.

இன்னொரு விஷயமும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மனசு எப்படியோ அப்படித்தான் கையும் நூலை இழுக்கிறது. பிரசவத்துக்கு முன் உங்கள் தம்பிக்கு ஒரு ஸ்வெட்டர் ஆரம்பித்து, உடம்பும் இடது கையும் முடித்திருந்தேன். நிம்மதியாகப் பின்னியது, தொளதொளவென்று இருக்கிறது. வலது கையைப் பிரசவத்துக்குப் பிறகு பின்னினேன், நீங்கள் பேசாமல் இருக்கும் கவலையில். அதே எண்ணிக்கை, அதே வரிசை. வலது கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டது, இறுக்கத்தில் கைக்குள் ரத்தம் ஓடுவதே பெரும்பாடு. அதைப் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போகிறார். லாரிக்காரர்கள், "ஏன் சார், இன்னொரு கைக்குத் துணி பத்தலையா?" என்று கேட்கிறார்களாம். உங்களுக்கென்று பின்னிய இரண்டாவது தொப்பியும் அதே இறுக்கத்தில் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் யார் தலைக்கும் ஏறவில்லை. ஒரே ஒரு தலைக்குத்தான் ஏறியது. உங்கள் மருமகள் தலைக்கு. ஆக, முதலில் பெரியவர்களுக்கு, பிறகுதான் குழந்தைக்கு என்ற என் திட்டம் ஒரு வழியாக நிறைவேறிவிட்டது.

அண்ணி, வேடிக்கை போதும். எனக்கு அம்மா இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். நாலாம் மாதத்தில் நீங்கள் வந்திருந்தபோது நான் வாந்தி எடுத்துவிட்டுச் சுருண்டு கிடந்தேன். நீங்கள் எதுவும் பேசாமல் என் தலையை மடியில் வைத்துச் சிக்கெடுத்து விட்டீர்கள். போகும்போது, "பொறக்கட்டும், நான் வந்து குளிப்பாட்டிவிடறேன்" என்று மட்டும் சொன்னீர்கள். நான் அதை நம்பித்தான் தைரியமாக இருந்தேன். இப்போது இவளைக் குளிப்பாட்ட மூன்று பேர் வேண்டியிருக்கிறது. உங்கள் தம்பி பிடித்துக்கொள்கிறார், நான் தண்ணீர் ஊற்றுகிறேன், மாமா போனில் குளிப்பாட்டும் வீடியோவைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். அதிலும் இரண்டு கைகள்தான் தெரிகின்றன. கைகளைப் பார்த்தே எல்லாவற்றையும் கற்றுக்கொண்டுவிட்டேன் அண்ணி. கழுத்து இப்படித் துவளுகிறதே, இது சரியா என்று ஒரு முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும் போல இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. அதைத்தான் சொல்ல வந்தேன். தலைக்கனம் உங்களுக்கு இல்லை. இருந்திருந்தால் என் தலையை மடியில் வைத்திருக்க மாட்டீர்கள்.

தொப்பியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள், பிரித்துவிடுகிறேன். அட்டையை எரித்துவிடுங்கள். கோபம் இருந்தால் வந்து நேரில் திட்டுங்கள். மாமாவுக்கும் இப்போது நன்றாகக் காது கேட்கும். ஆனால் வந்து இந்தக் குழந்தையை ஒரு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் இவள் பள்ளிக்கூடத்தில் "பதினெட்டரை கிலோ" என்று கூப்பிட்டால் எழுந்து நிற்பாள்.

அண்ணனுக்கு என் வணக்கம். காலுறை இரண்டும் ஒரே காலுக்கு ஆனதாக இருந்தால் பொறுத்துக்கொள்ளச் சொல்லவும். மாமா தன் ஆசிகளை நேரில் வந்தால்தான் தருவாராம். உங்கள் தம்பி பக்கத்தில் நின்று இதை எப்போது முடிப்பேன் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார், கையில் பசை.

என்றும் உங்கள் கால் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும்,
உங்கள் தம்பி மனைவி

பின்குறிப்பு (இதை உறையின் முதுகில் எழுதுகிறேன்): அண்ணி, உள்ளே இருக்கும் கடிதத்தைப் படிக்க வேண்டாம். உங்கள் தம்பி உறையை ஒட்டி, எடை போட்டு, ஓரத்தில் "கடிதம் கனம் 38 கிராம்" என்று எழுதிவிட்டு, பேனாவை மூடிக்கொண்டே சொல்கிறார்: "ஆமா, சொல்ல மறந்துட்டேன். அக்கா முந்தாநாள் எடைமேடைக்கு போன் பண்ணினா. ஞாயித்துக்கிழமை வர்றா." "கோபம் போயிடுச்சா?" என்றேன். "என்ன கோபம்?" என்றார். நீங்கள் தொப்பியைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று எனக்குச் செய்தி அடித்துக்கொண்டிருந்தீர்களாம், அது நழுவிக் கண்ணை மறைத்ததில் கை பட்டு அடித்தவரைக்கும் போய்விட்டதாம், போனும் தொப்பியுமாக வாளித் தண்ணீரில் விழுந்ததாம். போன் போய்விட்டது, அதிலிருந்த எண்களெல்லாம் போய்விட்டன, ஏதோ லாரிக்காரர் ரசீதில் எடைமேடை எண் கிடைத்துத்தான் கூப்பிட்டீர்களாம், குழந்தை பிறந்ததே அப்போதுதான் தெரியுமாம். தொப்பி காய்ந்ததும் சுருங்கிக் கொண்டையோடு கச்சிதமாக இருக்கிறதாம், இத்தனை வருஷத்தில் எந்தத் தொப்பியும் உங்கள் கொண்டைக்கு ஏறியதில்லையாம். எடை அட்டையைப் பார்த்தாயா என்று இவர் கேட்டாராம், அதை அண்ணன் பிரிக்கும்போதே கிழித்துப் போட்டுவிட்டாராம், நீங்கள் பார்க்கவே இல்லையாம். ஒரு லாரி வந்துவிட்டதால் இதையெல்லாம் என்னிடம் சொல்ல மறந்துவிட்டாராம். உறையைப் பிரித்துக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். எடை போட்ட வண்டியைத் திறக்கக் கூடாது என்பது அவர் தொழில் தர்மமாம். ஆகவே கடிதத்தைப் பிரிக்காமல் அப்படியே கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிடவும். குறிப்பாகத் தலைக்கனம் வரும் பக்கத்தைப் பார்க்கவே வேண்டாம்.

"யாருக்கு" என்று அடித்தீர்களே, மீதி என்ன என்று உங்கள் தம்பியைக் கேட்டேன். அவர் காலணியை மாட்டிக்கொண்டே, "யாருக்கு கிடைக்கும் இப்படி ஒருத்தின்னு அடிக்க வந்தாளாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதை ஒரு தாளில் எழுதித் தூளிக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். "யாருக்கு" என்பதற்குப் பிறகு இலக்கணப்படி ஒரு "க்" வர வேண்டும். நான் போடவில்லை.